நேரம் போனதே தெரியலயே! – கைவேலையில் மனசு ஒன்றிப் போவது எப்படி?



மார்கழி மாசம் விடியற்காலையில் வாசல் தெளித்து, 15 புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட உட்காருகிறோம். பனி கொட்டுகிறது, முதுகு குனிந்தே இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே சேரும் வரைக்கும் குளிரும் தெரிவதில்லை, முதுகு வலியும் தெரிவதில்லை. நிமிர்ந்து பார்த்தால் பால்காரர் வந்துவிட்டுப் போயிருப்பார். "அட, நேரம் போனதே தெரியலயே" என்போம்.

அதே நாம், வண்டி ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் பத்துத் தடவை மணி பார்க்கிறோம். இரண்டுமே உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலைதான். ஒன்றில் மனசு ஒன்றிப் போகிறது, இன்னொன்றில் ஓடி ஓடிப் போகிறது. ஏன்?

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். நம் குழுக்களில் கடன் வாங்கி வாங்கிய எத்தனை தையல் மிஷின்கள் இன்று துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன? தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, 1991-92-இல் நம்ம சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அன்றிலிருந்து கடன், பயிற்சி, சந்தை என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். ஆனால் மிஷின் முன்னால் உட்காரும் பெண்ணின் மனசு அந்த வேலையில் எப்படி ஒட்டும் என்று பேசியதே இல்லை. இந்த இதழில் அதைப் பேசுவோம்.

ஓட்டத்தில் போகிற மனசு

இதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு பேராசிரியர் இருந்தார். பெயரை உச்சரிக்கக் கொஞ்சம் சிரமம்: மிஹாய் சிக்சென்ட்மிஹாய். 1934-இல் ஒரு ஹங்கேரிக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் இரண்டாம் உலகப் போரைக் கண்ணால் பார்த்தார். வேலை, வீடு, சேமிப்பு எல்லாம் போன பிறகு பெரியவர்கள் பலர் நொறுங்கிப் போனார்கள். சிலர் மட்டும் எப்படியோ நிமிர்ந்து நின்றார்கள். அது எப்படி என்ற கேள்விதான் அவரை மனோதத்துவம் படிக்க வைத்தது. 1956-இல் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியரும் ஆனார். 2021-இல் காலமானார்.

ஆரம்பத்தில் அவர் ஓவியர்களைக் கவனித்தார். படம் வரையும்போது பசி, களைப்பு எதையும் பார்க்காமல் மூழ்கிக் கிடப்பார்கள். படம் முடிந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த படத்தைத் தொடங்கிவிடுவார்கள். அப்படியானால் அவர்களை இழுத்தது முடிந்த படம் அல்ல, வரைகிற வேலையேதான் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு மலை ஏறுபவர், சதுரங்கம் ஆடுபவர், அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் என்று பலரிடம் விசாரித்தார். பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஆற்றுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவது போல வேலை தானாகப் போனது என்று. அதனால் இந்த நிலைக்கு 'ஓட்டம்' என்றே பெயர் வைத்தார். 1990-இல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பரவியது. நாம் இதை 'லயிப்பு' என்று சொல்லலாம். நாதஸ்வரக் கச்சேரியில் தவில்காரர் லயித்து வாசிக்கிறார் என்கிறோமே, அதே லயிப்புதான்.

லயிப்பு வர மூன்று வேண்டும்

ஒன்று, இந்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "இந்த மாசம் நிறையச் சம்பாதிக்கணும்" என்பது ஆசை. "இந்த முழம் பூவைக் கட்டணும்", "இந்தக் கை ஓரத்தை மடிச்சு அடிக்கணும்" என்பதுதான் வேலை. மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு வேண்டும்.

இரண்டு, சரியாக வருகிறதா தப்பாக வருகிறதா என்பது உடனே தெரிய வேண்டும். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். பட்டு நெய்கிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், தறிச் சத்தம் மாறினாலே எங்கோ இழை அறுந்திருக்கு என்று காது சொல்லிவிடும். வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் பெண்ணுக்கு, பொடி உருகிப் பளிச்சென்று ஓடும் அந்த ஒரு நொடியே பதில். சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு தப்பினால் கம்பி வந்து சேராது. யாரும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை, வேலையே நமக்குச் சொல்கிறது. அரிசியில் கல் பொறுக்குவதில் இந்தப் பதில் குறைவு. சுத்தமாக இருக்கிறதா என்று சாப்பிடும்போதுதான் தெரியும்!

மூன்று, வேலையின் கஷ்டமும் நம் கைத்திறனும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். வேலை நம் திறனுக்கு மேலே போனால் பதற்றம் வரும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வேலை திறனுக்குக் கீழே இருந்தால் சலிப்பு வரும். கொட்டாவி விடுவோம், மனசு பழைய கவலைக்கு ஓடும். இரண்டுக்கும் நடுவில், இருக்கிற திறனுக்குக் கொஞ்சமே கொஞ்சம் மேலே உள்ள வேலையில்தான் மனசு ஒட்டுகிறது.

திறன் வளர வளர அந்த நடு இடமும் மேலே போய்க்கொண்டே இருக்கும். பூ கட்டக் கற்ற புதிதில் ஒரு முழம் கட்டுவதே பெரிய வேலை. ஒரு வருஷம் கழித்து அதுவே சலிக்கும். அப்போது மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டவும், கதம்பம் கட்டவும், மாலை கட்டவும் கை தேடும். அது பேராசையில்லை, மனசு வளர இடம் கேட்கிறது.

"எனக்கு வராதுக்கா, மிஷினை வித்துடறேன்"

நம் கூட்டமைப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அவர் குழுவில் 12,000 ரூபாய் கடன் வாங்கித் தையல் மிஷின் வாங்கினார். பயிற்சியும் முடித்தார். நாலாவது மாசக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்கு வராதுக்கா, மிஷினை வித்துக் கடனைக் கட்டிடறேன்" என்றார். கண்ணில் தண்ணீர்.

என்ன ஆச்சு கண்ணு என்று உட்கார வைத்துக் கேட்டோம். பயிற்சி முடித்த கையோடு சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட், லைனிங் வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். வெட்டும்போது கை நடுங்கிக் கழுத்து அகலமாகிவிட்டது. துணிக்குப் பணம் கொடுத்தது போக, பேச்சும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கத்தரியை எடுத்தாலே படபடப்பு.

இன்னொன்றும் கேட்டோம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தைக்கிறீர்கள்? "மொத்தமா மூணு மணி நேரம் இருக்கும்" என்றார். தொடர்ந்து எவ்வளவு நேரம்? யோசித்துப் பார்த்து, "கால் மணி நேரம் கூட இருக்காதுங்க" என்றார். மாமியார் கூப்பிடுவார், பிள்ளை அழும், தண்ணி வரும், கேஸ்காரர் வருவார். வீட்டில் இருந்து செய்கிற வேலை என்பதால் யாருமே அதை வேலையாக நினைக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. குறை அவர் கையில் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது ஒரு தப்பு. நேரம் துண்டு துண்டாகப் போனது இன்னொரு தப்பு. இரண்டையும் சரி செய்யலாம் என்று குழுவே முடிவெடுத்தது.

முதல் இரண்டு மாசம் உள்பாவாடையும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் மட்டும். குழுவில் இருப்பவர்களே கொடுத்தார்கள். கை நின்ற பிறகு சாதா காட்டன் ஜாக்கெட். பக்கத்து வீட்டு உறுப்பினர் காலை 11 மணியிலிருந்து 12:30 வரை அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், சாயந்தரம் இவர் அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது என்று மாமியாரிடம் குழுத் தலைவியே போய்ப் பேசினார். அந்த அம்மா முதலில் முகம் சுளித்தார். மாசக் கடன் தவணை ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் அவரே வாசலில் உட்கார்ந்து, "உள்ள தைக்கிறா, அப்புறம் வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இன்று அவர் லைனிங் ஜாக்கெட் வரை வந்திருக்கிறார். ஆரி வேலையை இன்னும் தொடவில்லை. அவசரமில்லை. போன கூட்டத்தில், "நேத்து சோறு வடிக்கிறதையே மறந்துட்டேன்க்கா" என்று சிரித்தார். எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். மிஷின் விற்கப்படவில்லை.

துண்டு துண்டான நேரம் ஏன் உதவாது?

ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகும்போது மனசு முழுசாகக் கூட வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்து எழுதினார். முதல் வேலை முடியாமல் பாதியில் விட்டு எழுந்தவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் குறைந்தது. நமக்கு இது புது விஷயமில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து துணி வெட்டினால் மனசு பாலில்தான் இருக்கும்.

அதனால் 6 தடவை கால் மணி நேரம் உட்காருவதும், ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரம் உட்காருவதும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், கைவேலையில் ஒன்றாகாது. ஒவ்வொரு தடவையும் மனசை மறுபடி கூட்டிவரவே பாதி நேரம் போய்விடும். ஆம்பிளைகள் பட்டறைக்குப் போனால் யாரும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவதில்லை. வீட்டில் கொலுசு வேலையோ தையலோ செய்யும் பெண்ணுக்கும் அந்த மரியாதை வேண்டும். இடைஞ்சல் இல்லாத நேரம் என்பது நூல், ஊசி மாதிரி ஒரு மூலப்பொருள். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

மலைக் கிராமத்துப் பாட்டி

இத்தாலி நாட்டில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சின்னக் கிராமத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வயசானவர்களைப் பேட்டி கண்டார்கள். சிக்சென்ட்மிஹாய் தன் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். அங்கே 76 வயசுப் பாட்டி ஒருவர் காலை 5 மணிக்கு எழுந்து பால் கறக்கிறார், மாடு மேய்க்கிறார், தோட்டம் பார்க்கிறார், கம்பளி சிக்கெடுக்கிறார். கோடையில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருகிறார். வாழ்க்கையில் எது சந்தோஷம் என்று கேட்டதற்கு, பால் கறப்பது, மாடு மேய்ப்பது என்று அதே வேலைகளைத்தான் சொன்னார். கை நிறையக் காசும் நேரமும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். பாட்டி சிரித்துவிட்டு அதே பட்டியலை மறுபடி சொன்னாராம். எருமை வைத்திருக்கும் நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். பாட்டிக்கு மேலே மேஸ்திரி கிடையாது. எந்த வேலை எப்போது என்பதை அவரே முடிவு செய்தார். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யவில்லை. மாடும் தோட்டமும் அவருடையவை. லயிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வள்ளிக் கிழங்கு உரிக்கும் இடத்தில் 8 மணி நேரம் ஒரே மாதிரிக் கத்தி பிடிக்கும் பெண்ணிடம் போய், "ரசிச்சுச் செய்மா" என்று சொன்னால் அது நியாயமில்லை. அந்த வேலையில் மாற வேண்டியது கூலியும் நேரமும்தான், அவள் மனசு இல்லை.

டிவியும் செல்போனும்

"நாடகம் பாக்கும்போதும் நேரம் போறதே தெரியலயே, அதுவும் லயிப்பு தானே?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி.

சிக்சென்ட்மிஹாயும் அவர் கூட வேலை செய்த ஜூடித் லெஃபெவரும் 1989-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் 78 பேரிடம் பேஜர் கருவி கொடுத்து, ஒரு வாரம் முழுக்க, நினைக்காத நேரத்தில் ஒலிக்க வைத்தார்கள். ஒலித்ததும் இப்போது என்ன செய்கிறேன், மனசு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். திறனும் சவாலும் சமமாக உயர்ந்திருக்கும் நேரம் ஓய்வை விட வேலையில்தான் அதிகமாக இருந்தது. ஆனாலும் வேலையில் இருக்கும்போது, வேறெதாவது செய்தால் தேவலை என்றே பலர் எழுதினார்கள். நமக்கு எது நிறைவு தருகிறது என்பது பல நேரம் நமக்கே தெரிவதில்லை.

நாடகம் பார்ப்பது தப்பில்லை, களைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அதில் நம் கைக்கு வேலை இல்லை, திறனும் வளர்வதில்லை. செல்போனில் காசு வைத்து ஆடும் விளையாட்டு இன்னும் மோசம். அமெரிக்காவில் சூதாட்ட மிஷின்கள் முன்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றி நடாஷா டவ் ஷூல் 2012-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஜெயிப்பது கூட அவர்களுக்கு முக்கியமில்லை, எழுந்திருக்காமல் மூழ்கிக் கிடக்கவே ஆடுகிறார்கள் என்கிறார் அவர். அப்படி மூழ்கடிக்கவே அந்த மிஷின்கள் செய்யப்படுகின்றன. வித்தியாசம் தெரிய ஒரே கேள்வி போதும்: எழுந்த பிறகு கையில் என்ன இருக்கிறது? கோலம் முடித்து எழுந்தால் வாசல் நிறைந்திருக்கும். அங்கே எழுந்தால் பர்ஸ் காலியாக இருக்கும்.

லயிப்பிலும் ஜாக்கிரதை

நல்ல விஷயமே என்றாலும் சிலவற்றை மறக்கக் கூடாது.

உடம்பு கூப்பிடுவது காதில் விழாது. கண் எரிச்சல், கழுத்து வலி, சிறுநீரை அடக்குவது எல்லாம் பிறகுதான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்து எழுந்து, தண்ணீர் குடித்து, தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தைப் பாருங்கள்.

நெருப்பு வைத்துக் கொலுசு வேலை செய்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

கூலிக் கணக்கை எழுதி வையுங்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எத்தனை உருப்படி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். லயிப்பில் 4 மணி நேரம் 2 மணி நேரம் போலத் தெரியும். வேலை கொடுப்பவருக்கு அது லாபம். "நீதான் ஆசையாச் செய்யறியே" என்று சொல்லிக் கூலியைக் குறைக்க விடக் கூடாது. ஆசையாகச் செய்த வேலை சுத்தமாக இருக்கும், அதற்குக் கூலி கூடத்தான் வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

1. நேரம் போனதே தெரியாமல் கடைசியாக எந்த வேலையைச் செய்தீர்கள்? ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லுங்கள். தொழில் கடன் கேட்கும் உறுப்பினர் எந்தத் தொழில் தொடங்கலாம் என்பதற்கு அதிலேயே ஒரு துப்பு கிடைக்கும்.

2. தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் "சுலபம், கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம்" என்று மூன்று படி எழுதுங்கள். இப்போது எந்தப் படியில் நிற்கிறார்? அடுத்த படிக்கு யார் கற்றுக்கொடுப்பார்?

3. பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் பிள்ளைகளை ஒருவர் மாற்றிப் பார்த்து, தினம் ஒன்றரை மணி நேரம் இடைஞ்சல் இல்லாமல் எடுக்க முடியுமா என்று பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

4. மிஷினோ தறியோ சும்மா நிற்கும் உறுப்பினர் இருந்தால், "ஏன் செய்யலை" என்று கேட்காதீர்கள். "எங்கே பயமா இருக்கு?" என்று கேளுங்கள்.

நம்ம அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோவில் தூண்களில் உள்ள சிற்பங்களை எத்தனையோ தடவை பார்த்திருப்போம். அடுத்த தடவை போகும்போது ஒரு நிமிஷம் நின்று அந்த விரல் நுனிகளையும் நகைகளையும் உற்றுப் பாருங்கள். கல்லில் அவ்வளவு நுணுக்கம் வர, உளி பிடித்தவர் எத்தனை நாள் தன்னை மறந்து உட்கார்ந்திருக்க வேண்டும்! அவர் வேலை நேரத்தில் யாரோ அவருக்குச் சோறு ஆக்கியிருப்பார்கள், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் வீட்டிலும் ஒரு பெண் தறியிலோ மிஷினிலோ பூக்கூடை முன்னாலோ அப்படி உட்கார்ந்திருந்தால், கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பொறுப்போம். அந்த வரிசை முடியட்டும்.